கண்மாய்க் கரையில் ஒரு கல்யாண முருங்கை

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரை எதுவும் இல்லை. ‘வேக நடை, தினமும் 40 நிமிடம்’ என்று மட்டும் இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்போதே நடக்க ஆரம்பித்தால் மாத்திரையைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடலாம் என்றார். எங்கள் வீடு மதுரைக்குக் கிழக்கே. பின்பக்கம் கண்மாய். கரையில் ஏறி நின்றால் யானைமலை படுத்துக் கிடப்பது தெரியும். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர், நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஒரு சுற்று. கணக்குச் சரியாக வந்தது.

தை மாதம் முழுக்க வேகமாகத்தான் நடந்தேன். மாசி பிறந்ததும் கெட்டது. கரையின் கிழக்கு முனையில் ஒரு கல்யாண முருங்கை இருக்கிறது. வருஷா வருஷம் வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் அடை தட்ட நான் இலை பறிக்கிற மரம். அது பூத்து நான் பார்த்ததே இல்லை. பூக்கும்போது அதில் இலை இருக்காது, இலை இல்லாதபோது எனக்கு அங்கே வேலை இருக்காது. அன்றைக்குக் காலை ஏழு மணி வெயிலில் மரம் மொட்டையாக, கிளை நுனியெல்லாம் சிவப்பாக நின்றது. அதைவிட, மரம் முழுக்க ஒரே சத்தம். சந்தைக்கடை மாதிரி.

சும்மா இரண்டு நிமிடம் பார்ப்போம் என்று நின்றேன். வீட்டுக்குத் திரும்பியபோது மணி எட்டேகால். குக்கர் வைக்கவில்லை, மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டவில்லை, அன்று பள்ளிக்கூடத்துக்கு அவள் ரொட்டியும் ஜாமும் கொண்டு போனாள்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசி, பங்குனியிலும் நானும் மகளும் பறவையும் பூவும் பார்க்கப் போகிறோம். பேருக்குத்தான் நடை. நடந்ததைவிட நின்றதும் உட்கார்ந்ததும்தான் அதிகம். ஒரு பூத்த மரத்தடியில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் கிடைப்பதில் பாதிகூட ஐந்து கிலோமீட்டர் சுற்றினால் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பருவமும் ஒரு ஜோடிச் செருப்பும் செலவாயின.

அந்த மரத்தையே எடுத்துக்கொள்கிறேன். கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இதழ்தான் பெரிதாக, தோணி மாதிரி மடிந்து நீளமாக இருக்கும். மற்ற இதழ்கள் சின்னதாக அடியில் ஒடுங்கியிருக்கும். தோணிக்குள்ளிருந்து மகரந்தத் தாள்கள் ஒரு கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பூவைக் கவிழ்த்து லேசாக அழுத்தினால் விரலில் ஒரு சொட்டு விழுந்தது. தேன் என்று சொல்ல முடியாது, சர்க்கரை குறைவாகப் போட்ட தண்ணீர். அந்தத் தண்ணீருக்குத்தான் அவ்வளவு கூட்டம். மைனா, கொண்டைக்குருவி, வால்காக்கை, பச்சைக்கிளி, அணில் எல்லாம் வந்தன. ஊதாத் தேன்சிட்டு வந்து யாராவது விரட்டும்வரை ஒரு கொத்தில் தொங்கியது. கரிச்சான் மட்டும் பூப் பக்கமே போகவில்லை. உச்சிக் கிளையில் உட்கார்ந்து, பூவுக்கு வருகிற பூச்சியைப் பறந்து பிடித்துத் தின்றுவிட்டு அதே கிளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மைனாவின் நெற்றியில் மஞ்சள்பொடி அப்பியிருந்தது. முதலில் ஏதோ புது இனம் என்று குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மகரந்தம். ஒரு மரத்தில் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. மரம் தண்ணீர்ப்பந்தல் வைத்தது இந்த வேலை நடக்கத்தான்.

வசந்தம் என்றால் காலண்டர் படத்தில் தரை முழுக்கப் பூ இருக்கும். நம் ஊரில் அப்படித் தேடினால் ஏமாற்றம்தான். நமக்கு வடகிழக்குப் பருவமழை. தரையில் முளைக்கிற செடிகொடியெல்லாம் கார்த்திகை, மார்கழியிலேயே பூத்துக் கொட்டிவிடும். மாசிக்குள் புல் பழுத்துவிடும். அதற்கப்புறம் முறை மரங்களுடையது. முள்ளிலவு, புரசு, கோங்கு, கல்யாண முருங்கை எல்லாம் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும். மறைக்க இலை இல்லாததால் தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரியும், நமக்கும் தெரியும். பங்குனி பாதியில் வேம்பும் புங்கும் துளிர்விட்டுப் பூக்கும். நுணாவும் வெட்பாலையும் வெள்ளையாக ஆரம்பிக்கும். கொன்றைக்குச் சித்திரை வரவேண்டும்.

பஞ்சாங்கப்படி மாசி, பங்குனி இரண்டும் பின்பனிதான், இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு மாதம்தான் லாபம். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்தவை இன்னும் கிளம்பியிருக்காது. இங்கேயே இருப்பவை கூடு கட்டத் தொடங்கியிருக்கும். மார்கழி முழுக்கச் சத்தமே இல்லாத குயில் மாசியில் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். முதல் சில நாள் பாதியிலேயே உடைந்துபோகிற குரல், ஒரு வாரத்தில் தெருவையே எழுப்புகிற குரல். செம்மார்புக் குக்குறுவான் பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு, பாத்திரக்கடையில் செம்பு தட்டுகிற மாதிரி ‘டுக் டுக் டுக்’ என்று நாள் முழுக்கச் சொல்லும். பனங்காடை பறந்து மேலே போய், அங்கிருந்து உருண்டு புரண்டு கத்திக்கொண்டே விழும். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கல் பழுப்பாகத் தெரிகிற பறவை அது. சிறகை விரித்தால் அத்தனை நீலம் எங்கே இருந்தது என்று தோன்றும்.

கருவி விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி ஒன்றில் ‘இருபது மடங்கு’ என்று போட்டிருந்த பைனாகுலரை ஆசைப்பட்டு வாங்கினேன். கை லேசாக நடுங்கினாலும் பறவையும் சேர்ந்து நடுங்கியது. உள்ளே ஒரே இருட்டு. ஒரு தேன்சிட்டைக்கூட அதில் நான் முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது வைத்திருப்பது 8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லை 42 மில்லிமீட்டர் அகலம். காலை மங்கல் வெளிச்சத்துக்கு அந்த அகலம்தான் உதவுகிறது. கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண் வைக்கிற வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, ஆறு மாதம் சாவித்துவாரத்தில்தான் பார்த்தேன். இன்னொன்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடக்கூடாது. வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரை நடுவில் கொண்டுவர வேண்டும். மகள் ஒரே நாளில் பழகினாள், எனக்கு ஒரு மாதம் ஆனது.

பைனாகுலர் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். நேரம், இடம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பேர் தெரியாவிட்டால் அளவை மைனாவோடு ஒப்பிட்டு எழுதுவோம், அலகும் காலும் என்ன நிறம் என்று எழுதுவோம். ஃபோனில் சத்தத்தைக் கேட்டுப் பேர் சொல்கிற செயலியும் இருக்கிறது. நல்ல உதவிதான், ஆனால் அது சொல்வதை அப்படியே நோட்டில் எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஒருநாள் வைரி என்றது, சின்னப் பருந்து மாதிரி ஒரு வேட்டைப் பறவை. நாங்களும் வானம் முழுக்க வைரியைத் தேடினோம். கடைசியில் வேப்பமரத்தில் கரிச்சான் உட்கார்ந்துகொண்டு வைரி குரலில் கத்திக்கொண்டிருந்தது. கரிச்சானுக்கு இந்த மிமிக்ரி கைவந்த கலை.

பூவுக்கு வருகிறேன். கண்மாய்க் கரைக்கும் கோயில்காட்டுக்கும் நடுவில் ஒரு செம்மண் பொட்டல். மேலோட்டமாகப் பார்த்தால் காய்ந்த புல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான். அங்கே ஒரு காலையில் முழங்காலிட்டுத் தரையோடு தரையாகக் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன தாயி, தோடு கீடு விழுந்துருச்சா?”

ஆடு மேய்க்கிற பெரியவர். தினமும் பார்க்கிறவர்தான், அதுவரை பேசியதில்லை.

“இல்லைங்கய்யா, பூப் பார்க்கிறேன்.”

“பூவா? இங்கிட்டு ஏது பூவு?”

காட்டினேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, நல்ல நீலத்தில், நடுவில் வெள்ளையாக ஒரு பூ. அவர் கம்பை ஊன்றிக் குனிந்தார். “அட, விஷ்ணுகரந்தை. எங்க ஆத்தா காச்சலுக்கு இதத்தான் கசாயம் போடும்” என்றார். புத்தகத்தில் விஷ்ணுகிரந்தி என்று இருக்கிறது. அன்றிலிருந்து செடிகளுக்கு அவர்தான் எனக்கு வாத்தியார். ஓரிதழ்த் தாமரையைக் காட்டியதும் அவர்தான். ஒரே ஓர் இதழ் மட்டும் ரோஸ் நிறத்தில் பெரிதாக நாக்கை நீட்டினாற்போல இருக்கும், அருகில் போய்ப் பார்த்தால்தான் மற்ற இதழ்கள் குட்டியாக இருப்பது தெரியும்.

இந்த நீலப்பூவை எதிர்வீட்டு அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். அக்கா சமையலை முடித்துவிட்டுக் கிளம்ப மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பொட்டல் முழுக்கத் தேடியும் ஒரு பூ இல்லை. செடி இருக்கிறது, பூ இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வழி நெடுக வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பெரியவர் மரநிழலில் உட்கார்ந்து சிரித்தார். “வெயிலு ஏறிருச்சுல்ல, கடையச் சாத்திட்டுப் போயிருச்சு.”

பூவுக்கும் நேரம் உண்டு என்று அன்றுதான் உறைத்தது. விஷ்ணுகிரந்தி காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். துத்தி நேர்மாறு, காலையில் போனால் மொட்டும் காயும்தான், மஞ்சள் பூவைப் பார்க்கச் சாயங்காலம் போகவேண்டும். நெருஞ்சி நல்ல வெயிலில் விரிந்திருக்கும், பாதை ஓரம் முழுக்க மஞ்சள் பொட்டு வைத்தாற்போல. பார்க்க மட்டும்தான் அழகு. அதன் முள் என் ரப்பர் செருப்பில் ஏறி உள்ளங்காலைத் தொட்டதும்தான் ஷூ வாங்கினேன். புடவையையும் அன்றோடு விட்டேன். ஊசிப்புல் புடவைக் கரையில் ஒட்டினால் பிடுங்குவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். மண் நிறத்தில் ஒரு பழைய சுடிதார், முழுக்கை, தலைக்கு ஒரு துண்டு. இவ்வளவுதான் சீருடை.

எருக்கஞ்செடியை யாரும் பூ என்று கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் நோட்டில் இரண்டு பக்கம் அதற்குத்தான். பெரிய கருவண்டு மாதிரி இருக்கிற தச்சுத்தேனீ வந்து உட்கார்ந்தால் கொத்தே ஆடும். இலைக்கடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை. தாத்தாப்பூவின் தலையைச் சுண்டி விளையாடுவோமே, அதுவும் பட்டாம்பூச்சிக்கு நல்ல தீனி. நம்மூர்ச் செடி என்றே நினைத்திருந்தேன், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததாம். உண்ணிச்செடியும் அப்படி வந்ததுதான். ஆனால் தாத்தாப்பூ ஓரமாக இருந்துகொள்கிறது, உண்ணி காட்டையே மூடிவிடுகிறது.

மதுரைக்காரர்களுக்கு ஒருநாள் வெளியே போக அரிட்டாபட்டி இருக்கிறது. ஊரிலிருந்து 25 கிலோமீட்டர் போல. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு பாறைக் குன்றுகள், சுனைகள், கண்மாய்கள். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அதே பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள், சுற்று வட்டார ஊர்களெல்லாம் திரண்டு எதிர்த்து 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் குன்றில்தான் சமணர் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. கல்வெட்டு பார்க்க வந்தவர்களும் பறவை பார்க்க வந்தவர்களும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

அங்கே விசேஷம் பாறை இடுக்கில் கூடு வைக்கிற வேட்டைப் பறவைகள். ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, இராசாளி. முதல் முறை போனபோது குன்றின் உச்சிக்கு ஏறினால்தான் தெரியும் என்று மூச்சு வாங்க ஏறினோம். தப்பு. மேலே போனால் பறவை நமக்குக் கீழே, பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கூட்டுக்கு மேலே ஆள் நடமாட்டம் இருந்தால் அவை கூட்டுக்கே வராது. அடுத்த முறை கீழே வயல் வரப்பில், குன்றைப் பார்த்தபடி, பனைமர நிழலில் உட்கார்ந்தோம். பாறையில் எங்கெல்லாம் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கிறதோ அங்கெல்லாம் பைனாகுலரை ஓட்டினோம். ஒன்பது மணி வாக்கில், பாறை சூடேறிக் காற்று மேலே எழும்பத் தொடங்கியதும், வல்லூறு ஒன்று இடுக்கிலிருந்து கிளம்பியது. மாடப்புறாக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பிச் சிதறியது. எல்லாம் நாலைந்து விநாடி. புறா தப்பித்ததா என்று மகள் கேட்டாள். தெரியவில்லை, பாறைக்குப் பின்னால் போய்விட்டன.

பாறைக் குன்றுகளில் பயப்பட வேண்டியது பாம்புக்கு மட்டும் இல்லை. இடுக்கில் கை வைக்காதே என்பது எல்லாருக்கும் தெரியும், சுருட்டைவிரியன் வெயில் காய்கிற இடம். நான் அதிகம் பயப்படுவது மலைத்தேனீக்குத்தான். பூக்காலம் என்பதால் பாறைச் சரிவில் முறம் அகலத்துக்கு அடை தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகக்கூடாது, சத்தம் போடக்கூடாது, புகை ஆகவே ஆகாது. அடையைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவோம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒன்பதரைக்கு மேல் பாறையில் இருப்பதில்லை. பங்குனி வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கும்.

கோங்கு பார்த்தது அழகர்கோயில் போகிற வழியில். மலைச்சரிவில் இலையே இல்லாத மரத்தில் பளீர் மஞ்சள். ‘டபேபியா’ என்று நோட்டில் எழுதிவிட்டேன், ரோட்டோரப் பூங்காக்களில் வைக்கிறார்களே, அந்த மஞ்சள் மரம். ஒரு வருடம் கழித்துத்தான் திருத்தினேன். டபேபியா புனல் மாதிரிப் பூ, கொத்துக் கொத்தாகத் தொங்கும். கோங்கு உள்ளங்கை அகலப் பூ, ஐந்து இதழும் தனித்தனி, நடுவில் மகரந்தத் தாள்கள் குவியலாக இருக்கும். சங்கப் பாடல்களில் வருகிற கோங்கு இதுதான் என்கிறார்கள். பாட்டில் இடம்பிடித்த மரத்தைப் பூங்கா மரம் என்று எழுதி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. கோயில்காட்டில் ஆறுமணிக்குருவி இருக்கிறது. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி வாக்கில் சீழ்க்கை மாதிரி இரண்டு தட்டில் கூப்பிடும், மற்ற நேரம் சருகுக்குள் புழு பொறுக்கிக்கொண்டு அமுக்கமாக இருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பு என்று நிறைய நிறம், ஆனால் புதருக்குள் அத்தனையும் மறைந்துவிடும். மூன்று நாள் சத்தம் மட்டும் கேட்டுவிட்டு நான்காம் நாள் பொறுமை போய், ஃபோனில் அதன் குரலைப் போட்டேன். உடனே வந்தது. பத்தடியில், கட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது. ஆசை தீரப் பார்த்தேன். குரலை நிறுத்திய பிறகும் அது இரை தேடப் போகவில்லை. இந்தப் புதர், அந்தப் புதர் என்று தாவி, இல்லாத எதிரியைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இருட்டுகிற நேரம், அது கடைசி இரை எடுக்க வேண்டிய நேரம். மகள், “அதை ஏமாத்திட்டம்மா” என்றாள். அதோடு அந்த வேலையை விட்டேன். இப்போது ஐந்தேமுக்காலுக்குக் கோயில் மேடையில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். மூன்று நாளுக்கு ஒருமுறை தானாக வெளியே வருகிறது.

பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் இருந்து, பார்த்ததை எண்ணி, இ-பேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். நாங்கள் கல்யாண முருங்கைக்குப் போனோம். அன்றைக்கென்று சூறைக்குருவி வந்திறங்கியது. கறுப்புத் தலை, கறுப்புச் சிறகு, உடம்பு மட்டும் வெளுத்த ரோஸ். மத்திய ஆசியப் புல்வெளியில் வெட்டுக்கிளி தின்று வளர்கிற பறவை, இங்கே வந்தால் சோளமும் இலவம்பூத் தேனும். மரமே ரோஸ் நிறமானது, அப்புறம் மொத்தமும் எழும்பிக் கண்மாய் மேல் துணியை உதறினாற்போல ஒரு வளைவு போட்டது. எண்ணுவது எப்படி? முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவில் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் 400 என்றேன், மகள் 350 என்றாள். 350 என்று ஏற்றினோம். குறைவான கணக்கைப் போடுவது எங்கள் வழக்கம்.

கடைசியாக ஓர் ஆள்காட்டிக் குருவிச் சமாச்சாரம்.

போன மாசி கடைசி வாரம். கண்மாயில் தண்ணீர் நடுவில் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன் ஓரத்தில் பவளக்கால் உள்ளான்கள் நின்றன. கிட்டே போய்ப் படம் எடுக்கலாம் என்று வெடித்த தரையில் இறங்கி நடந்தேன். செம்மூக்கு ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே வந்து கத்தியது. அது எப்போதும் கத்துகிற பறவைதானே என்று நடந்தேன். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒன்று என் தலைக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் பாய்ந்து விலகியது. எனக்கு உற்சாகம், நல்ல படம் கிடைக்கும் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தேன்.

“அம்மா! கால எடுக்காத! அப்படியே நில்லு!”

நின்றேன். குனிந்து பார்த்தேன். இடது காலுக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, லேசாகப் பறித்த ஒரு பள்ளம், சுற்றிலும் கூழாங்கல். முட்டையும் கூழாங்கல் மாதிரியே, மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல். நான்கும் கூர்முனையை உள்பக்கம் வைத்து, வெட்டிய பூசணித் துண்டை அடுக்கினாற்போல இருந்தன. தூக்கிய வலது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றேன். மகள் வழி சொல்லச் சொல்ல, வந்த தடத்திலேயே பின்வாங்கினேன். படம் எடுக்கவில்லை. நாம் குனிந்து நிற்கிற இடத்தைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும், கீரியும் இருக்கும்.

பிறகு கரைமேலிருந்து, நூறடிக்கு அப்பால், கொஞ்ச நாள் பார்த்தோம். மத்தியான வெயிலில் ஒன்று தண்ணீருக்கு ஓடி, வயிற்றை முக்கிக்கொண்டு, ஈரத்தோடு திரும்பிவந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அது அடைகாப்பதா, குளிர வைப்பதா என்று மகள் கேட்டாள். வெயில் காலத்தில் இரண்டும்தான். எனக்கு இருந்த கவலை ஆடுகள். அந்த வழியாகத்தான் தினமும் எழுபது, எண்பது ஆடு தண்ணீருக்கு இறங்கும். பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“தெரியும் தாயி. மூணு நாளா மேக்கால சுத்தித்தான் ஓட்டுறேன். நீங்கதான் அங்கன போயி நின்னுக்கிட்டிருந்தீக.”

பங்குனி கடைசியில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. பொரித்துவிட்டதாம். அன்று சாயங்காலமே போனோம். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துவிடும், கூட்டில் இருக்காது. கரைமேல் உட்கார்ந்து அரை மணி நேரம் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஒரு குஞ்சும் கண்ணில் படவில்லை. எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் தாய்ப்பறவை மட்டும் நின்று ஒரே கத்தல். அது கத்துகிற கத்தலைப் பார்த்தால் குஞ்சு பக்கத்தில்தான் எங்கேயோ பதுங்கியிருக்கிறது. கிழக்கு முனையில் கல்யாண முருங்கை இலை விட்டிருந்தது. மகள் நோட்டில் ‘ஆள்காட்டி 1, கத்துகிறது’ என்று எழுதி நேரத்தைப் போட்டாள். எழுந்து வீட்டுக்கு நடந்தோம்.